குழந்தை யாரிடம் பேசக் கற்கிறது? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போனால் பேச்சு எப்படியும் பேச்சைப் பற்றித்தான் வந்து நிற்கும். "இன்னும் பேசல", "கலந்து கலந்து பேசுது", "பெரியவங்களை வா போன்னு கூப்பிடுது". மொழியியல் படித்தவர் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள், நானும் தெரிந்ததைச் சொல்வேன். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை சொற்களை மட்டும் கற்பதில்லை. யார் யாரிடம், எப்போது, எப்படிப் பேசலாம் என்பதையும் சேர்த்தேதான் கற்கிறது, அந்த இரண்டையும் பிரித்துவிட்டுப் பார்த்தால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது.

ஒரு நாளைக்குக் குழந்தையிடம் எத்தனை வார்த்தை பேச வேண்டும்?

தயவுசெய்து எண்ணாதீர்கள். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், 1995இல் அமெரிக்காவின் கன்சாஸ் பகுதியில் ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் வெளியிட்ட ஆய்விலிருந்து. 42 குடும்பங்களுக்கு மாதம் ஒரு மணி நேரம் போய்ப் பேச்சைப் பதிவு செய்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பள்ளி சேருமுன்பே 3 கோடி வார்த்தை வித்தியாசம் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்த எண் உலகம் முழுக்கப் பரவிவிட்டது, அதை வைத்துப் பொம்மையும் செயலியும் விற்கிறார்கள்.

ஆனால் எல்லா வீடும் அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேரோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டில் பாட்டி, சித்தி, அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் பேசுவதும் பிள்ளையின் காதில் விழுகிறதே, அதை எந்தக் கணக்கில் வைப்பது? 2019இல் ஸ்பெர்ரியும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவின் ஐந்து சமூகங்களின் பதிவுகளை எடுத்து, சுற்றியுள்ளவர்களின் பேச்சையும் சேர்த்து எண்ணிப் பார்த்தார்கள். அந்தப் பெரிய பள்ளம் அங்கே தென்படவில்லை. ஒரே வசதியுள்ள வீடுகளுக்குள்ளேயே நிறைய வேறுபாடு இருந்தது. ஏழை வீட்டுத் தாயைப் பார்த்து "நீ போதுமான அளவு பேசவில்லை" என்று சொல்ல ஒரு எண்ணைத் தூக்கிக்கொண்டு போவது எனக்குக் கோபம் தருகிற விஷயம்.

எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் மாறி மாறிப் பேசிக்கொண்ட தடவைகளை எண்ணுங்கள். நீங்கள் ஒன்று சொல்ல, அது ஒன்று சொல்ல, மறுபடி நீங்கள். "ங்கா சொல்லு, ங்கா" என்று பாட்டி மூன்று மாதக் குழந்தையிடம் சொல்லிவிட்டு அது வாயைக் கோணி ஏதாவது ஒலி எழுப்பும் வரை காத்திருக்கிறாரே, அது முழுமையான உரையாடல்தான்.

அப்போ குழந்தையிடம் நேராகப் பேசாவிட்டாலும் அது தானாகப் பேசிவிடுமா?

மெக்சிகோவின் சியாபாஸ் மலைப்பகுதியில் தெனெஹாபா என்ற இடத்தில் ட்செல்டால் என்ற மாயன் மொழி பேசும் மக்கள் இருக்கிறார்கள். குழந்தை பெரும்பாலும் அம்மாவின் முதுகில் துணியால் கட்டப்பட்டுப் போகும் இடமெல்லாம் போகும், ஆனால் அதனிடம் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மரிசா கசியஸ், பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் மூவரும் மூன்று வயதுக்கு உட்பட்ட 10 பிள்ளைகளின் நாள் முழுப் பதிவை ஆராய்ந்து 2020இல் எழுதினார்கள். குழந்தையைப் பார்த்துப் பேசிய பேச்சு ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 3.6 நிமிடம்தான். ஆனாலும் முதல் சொல், இரண்டு சொல் சேர்த்துப் பேசுவது எல்லாம் மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு வருகிற அதே வயதையொட்டியே வந்தன. முதுகில் இருந்தபடி அந்தப் பிள்ளை ஊர் வாழ்க்கையையே பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அதைப் பேச்சுக்கு வெளியே யாரும் நிறுத்தவில்லை.

வெளியே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் பதிவு இருக்கிறது. மனிதனுக்கு இயல்பாக வரும் மொழி எது என்று பார்க்க அக்பர் சில கைக்குழந்தைகளைத் தனி வீட்டில் வைத்து, பேசாத தாதிகளை மட்டும் விட்டு வளர்க்கச் செய்தார். 1582இல் போய்ப் பார்த்தபோது ஒரு பிள்ளையிடமும் பேச்சு இல்லை. படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும் செய்தி இது.

இதற்கு நேர் எதிரான கதை நிகராகுவாவில் நடந்தது. 1977இல் தலைநகர் மனாகுவாவில் சிறப்புப் பள்ளி ஒன்று தொடங்கி, 1980இல் ஒரு தொழிற்பள்ளியும் வந்தபோது, காது கேளாத நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முதல் முறையாக ஒரே இடத்தில் சேர்ந்தார்கள். அதுவரை ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குள் மட்டும் புரியும் சில சைகைகளோடு தனியாக இருந்தவர்கள். ஆசிரியர்கள் உதட்டசைவையும் ஸ்பானிஷ் எழுத்துகளையும் சொல்லிக்கொடுக்கப் பாடுபட்டார்கள், அது அவ்வளவாக ஏறவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்திலும் பஸ்ஸிலும் பிள்ளைகள் தங்களுக்குள் சைகை செய்துகொண்டதில் ஒரு புதிய மொழியே முளைத்தது. அடுத்தடுத்துச் சேர்ந்த சின்னப் பிள்ளைகள் அதற்கு இலக்கணக் கட்டுக்கோப்பைக் கொடுத்தார்கள். யாரும் கற்றுத்தரவில்லை. ஆனால் பேசிக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். அக்பரின் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது அதுதான்.

எல்லா ஊர் அம்மாக்களும் குழந்தையைக் கொஞ்சிக் கொஞ்சித்தானே பேசுவார்கள்?

இல்லை. எலினார் ஓக்ஸ், பாம்பி ஷீஃபெலின் என்ற இரண்டு அமெரிக்க மானிடவியலாளர்கள் 1984இல் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பிறகு, அமெரிக்க நடுத்தர வீட்டில் நடப்பதை உலக இயல்பு என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாமல் போனது. ஷீஃபெலின் 1970களில் பப்புவா நியூ கினியில் போசவி மலையடிவாரக் காட்டில் கலூலி மக்களோடு இருந்தார். ஓக்ஸ் சாமோவா தீவில் ஒரு கிராமத்தில் இருந்தார்.

கலூலித் தாய் குழந்தையைத் தன் முகத்தைப் பார்த்தபடி வைத்துக்கொள்வதில்லை. வெளியே, மற்றவர்களைப் பார்க்கும்படி திருப்பிப் பிடித்துக்கொள்கிறாள். அண்ணனோ அக்காளோ குழந்தையிடம் ஏதாவது சொன்னால், குழந்தைக்குப் பதிலாகக் கீச்சுக் குரலில் தானே பதில் சொல்கிறாள், அதுவும் மழலையாக இல்லை, ஒழுங்கான முழு வாக்கியங்களில். பிள்ளை 'மெத்தென்று' பிறக்கிறது, மொழிதான் அதைக் 'கெட்டி' ஆக்குகிறது என்பது அவர்கள் எண்ணம். 'அம்மா', 'முலை' என்ற பொருளுள்ள இரண்டு சொற்கள் வந்த பிறகுதான் பிள்ளை பேசத் தொடங்கிவிட்டது என்பார்கள், அதற்கு முன் எத்தனை சொல் சொன்னாலும் கணக்கில்லை. அப்புறம்தான் 'இப்படிச் சொல்' என்று பொருள்படும் 'எலேமா' தொடங்கும். தாய் ஒரு வாக்கியத்தைச் சொல்லி "எலேமா" என்பாள், பிள்ளை அதை அடுத்தவரிடம் சொல்லும். தன்னுடையதை விட்டுக்கொடுக்காமல் நிற்பது, கேலி செய்வது, வெட்கப்பட வைப்பது இதற்கெல்லாம்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அழுது கெஞ்சி வாங்குவது பிள்ளைக்குத் தானாகவே வரும், அதற்கு எதற்குப் பாடம்? பிள்ளை வெறுமனே ஒலிகளை உருட்டி விளையாடினால் அது பறவைப் பேச்சு என்று நிறுத்திவிடுவார்கள்.

சாமோவாவில் வேறு மாதிரி. அங்கே எல்லாம் அந்தஸ்துப்படி நடக்கும், மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்காக இறங்கி வருவதில்லை. பிள்ளை புரியாமல் ஏதாவது சொன்னால் "பால் வேணுமா? பொம்மை வேணுமா?" என்று ஊகித்துக் கேட்பது பெரியவர் வேலை இல்லை. "என்ன?" என்பார்கள், அவ்வளவுதான். புரியும்படி சொல்ல வேண்டியது பிள்ளையின் பொறுப்பு. இன்னொருவர் மனதில் இருப்பதை ஊகிப்பதே அங்கே அவ்வளவாக ஏற்கப்படுவதில்லை. முதல் சொல் என்று சாமோவாத் தாய்மார் சொல்வது 'மலம்' என்று பொருள்படும் ஒரு வசைச் சொல்! பிள்ளை பிறவியிலேயே அடங்காதது என்ற எண்ணம் இருப்பதால் அவர்கள் காதில் அது அப்படி விழுகிறது. நம் வீடுகளில் "முதல்ல அம்மான்னுதான் சொன்னான்", "இல்ல, அத்தைன்னான்" என்று சண்டை நடக்கும். கேட்பவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதுவே முதல் சொல்லாகிவிடுகிறது, நமக்கும் அப்படித்தான்.

இத்தனை வித்தியாசம் இருந்தும் கலூலிப் பிள்ளையும் சாமோவாப் பிள்ளையும் தங்கள் மொழியை நன்றாகவே பேசுகிறார்கள்.

"மாமாவுக்கு வணக்கம் சொல்லு, பேர் சொல்லு" என்று பிள்ளையைச் சொல்லவைப்பது தப்பா?

தப்பில்லை. கலூலிகளின் 'எலேமா'வைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு நம் 'ன்னு சொல்லு'தான் நினைவுக்கு வந்தது. "பாட்டி, எனக்குப் பசிக்குது, சோறு குடுங்கன்னு சொல்லு." "என் சைக்கிளைத் தொடாதேன்னு சொல்லு." ஒரே வரியில் பிள்ளைக்கு வாக்கியமும் கிடைக்கிறது, எதிரில் இருப்பவர் உறவில் யார் என்பதும் தெரிகிறது, அவரிடம் என்ன தொனியில் பேசலாம் என்பதும் தெரிகிறது. ஆனால் வந்தவர் முன் நிறுத்தி வைத்து, வாயைத் திறக்காத பிள்ளையைப் பத்துத் தடவை கேட்டு, கடைசியில் "இவன் இப்படித்தான், வீட்டுல மட்டும் வாய்" என்று எல்லோர் முன்பும் சொல்கிறோமே, அதை விட்டுவிடலாம். ஒரு தடவை சொல்லுங்கள், சொல்லாவிட்டால் பிள்ளைக்காக நீங்களே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

மம்மம், பாச்சி, தாச்சி என்று பேசினால் சரியான தமிழ் வராதா?

வரும். பூவா, மம்மம், இங்கா, பாச்சி, தாச்சி, டாட்டா இவற்றைப் பாருங்கள், சிலவற்றில் ஒரே மாதிரி அசைகள் மடங்கி வருகின்றன, எல்லாமே வாயில் எளிதாக உட்காருகின்றன. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆங்கிலம் கற்கும் 47 குழந்தைகளைப் பார்த்ததில், இப்படி மடங்கி வரும் சொற்களையும் செல்லச் சொற்களையும் அதிகம் கேட்ட பிள்ளைகளின் சொல்வளம் 9 மாதத்துக்கும் 21 மாதத்துக்கும் இடையே வேகமாக வளர்ந்தது தெரிந்தது. கலூலிகள் மழலையே பேசுவதில்லை, அவர்கள் பிள்ளைகளும் பேசுகின்றன. ஆகவே கொஞ்ச வேண்டும் என்று தோன்றினால் கொஞ்சுங்கள். மூன்று நான்கு வயதுப் பிள்ளை தானே "தாச்சி இல்ல, தூங்கு" என்று உங்களைத் திருத்தும் நாள் வரும்.

"எனக்கு வேணும்" என்று சொல்லாமல் "பாப்பாக்கு வேணும்" என்கிறது. கவலைப்படணுமா?

வேண்டாம். வீட்டில் எல்லோரும் அதை 'பாப்பா' என்று கூப்பிட்டால் அது தன்னை வேறு என்னவென்று நினைக்கும்? 'நான்', 'நீ' இரண்டும் உண்மையிலேயே கடினமான சொற்கள், பேசுபவர் மாறினால் பொருளும் மாறிவிடும். இதைக் கற்க, தன்னிடம் பேசுவதைக் கேட்டால் மட்டும் போதாது, இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும். இரண்டாவது பிள்ளைகளுக்கு 'நான், நீ' கொஞ்சம் முன்னதாகவே பிடிபடுகிறது என்று கண்டிருக்கிறார்கள், அம்மாவும் மூத்த பிள்ளையும் பேசுவதைத் தினம் கேட்பதால். மூத்ததற்குத் தமிழ் வரட்டும், சின்னது பிறகு பார்ப்போம் என்று யாராவது சொன்னால், சின்னது ஏற்கெனவே மூத்ததிடம்தான் படித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

பெரியவர்களை "வா, போ" என்கிறது. எப்படி மாற்றுவது?

மரியாதை இலக்கணம் கற்கப் பல வருஷம் ஆகும், அதற்குக் காரணம் இருக்கிறது. யாருக்கு 'வா', யாருக்கு 'வாங்க' என்பது சொல்லில் எழுதியிருப்பதில்லை, உறவில் இருக்கிறது. அதே அப்பாவைப் பல வீடுகளில் அம்மா 'வாங்க' என்பார், பாட்டி 'வாடா' என்பார், பிள்ளையை 'வா' என்று சொல்லவிடுவார்கள். பிள்ளை எதை வைத்து முடிவு செய்யும்?

சாமோவாவில் மார்த்தா பிளாட் என்பவர் கவனித்து 1986இல் எழுதியது இங்கே பொருந்தும். 'வா' என்ற சொல் 'கொண்டு வா, கொடு' என்பதைவிடப் பொருளில் எளிது, ஆனாலும் அங்கே பிள்ளைகள் 'கொடு' என்பதைத்தான் முதலில் பேசினார்கள். ஏனென்றால் சின்னவர் பெரியவரை 'இங்கே வா' என்று நகர்த்துவது அங்கே முறையில்லை, சாப்பிட ஏதாவது கேட்கலாம். எளிய சொல் முதலில் வரும் என்று புத்தகம் சொல்லலாம். ஊர் அனுமதிக்கும் சொல்தான் முதலில் வாய்க்கு வருகிறது.

நம்மிடத்திலும் ஊருக்கு ஊர் வழி வேறு. கொங்குப் பக்கம் பிள்ளையையே "வாங் கண்ணு, சொல்லுங் சாமி" என்று மரியாதையோடு கூப்பிட்டுக் கூப்பிட்டு அதன் வாயில் அந்த 'ங்'கை ஏற்றிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் "இஞ்ச வாங்கோ பிள்ளை" என்பார்கள், அங்கே நீ, நீங்கள் இரண்டுக்கும் நடுவில் 'நீர்' என்று இன்னொரு படியும் உண்டு. இப்படிக் கூப்பிட்டு வளர்க்கும்போது பிள்ளை கொஞ்ச நாள் "நான் சாப்பிட்டாங்க" என்று தன்னையே மரியாதையாகச் சொல்லும், அதுபாட்டுக்குச் சரியாகிவிடும். அடித்துத் திருத்த வேண்டிய விஷயம் இல்லை இது. வீட்டில் வேலை செய்ய வரும் அம்மாவை நீங்கள் எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பதையும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது, அதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

படம் போட்ட அட்டைகளை வாங்கிப் பெயர் சொல்லிக்கொடுக்கலாமா?

வாங்கினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் 'இது என்ன? அது என்ன?' என்று கேட்டு விடை வாங்குவது மட்டுமே மொழி இல்லை. ஆனி ஃபெர்னால்டும் ஹிரோமி மொரிகாவாவும் 1993இல் ஒரே பொம்மைகளைக் கொடுத்து அமெரிக்கத் தாய்மாரையும் ஜப்பானியத் தாய்மாரையும் விளையாடவைத்துப் பார்த்தார்கள். அமெரிக்க அம்மா "இது கார், காரைப் பார்" என்று பெயரைச் சொன்னாள். ஜப்பானிய அம்மா "இந்தா, உனக்குத் தரேன், இப்ப எனக்குத் தா, நன்றி" என்று கொடுத்து வாங்கி விளையாடினாள். ஒருத்திக்குப் பொருளின் பெயர் பெரிது, இன்னொருத்திக்குப் பணிவாகக் கொடுத்து வாங்கும் முறை பெரிது. நம் பாட்டிகள் இரண்டையும் செய்வார்கள். "எனக்கு ஒரு வாய் தா... தரமாட்டியா? போ, உன் கூட டூ!"

பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று இருக்கிறதே, நிலாவைக் காட்டி "இந்தக் குழந்தையோடு விளையாட வா" என்று கூப்பிடுவது, அதில் நடப்பதைப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே பொருளைப் பார்க்கிறார்கள், ஒருவர் கை நீட்டுகிறார், அதைப் பற்றிப் பேச்சு வருகிறது. குழந்தை சுட்டிக்காட்டும் இடத்தை நீங்களும் பார்த்து அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வது, அட்டையில் உள்ள ஆப்பிளைவிட நூறு மடங்கு மேல். ஊர்ப் பிள்ளைக்கு நாவல்பழத்தைக் காட்டலாம், ஆப்பிளில்தான் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

போனில் பாட்டுப் போட்டுவிட்டால் அதைப் பார்த்துப் பேசிவிடாதா?

கைக்குழந்தைக்கு அப்படி நடப்பதில்லை. பாட்ரிசியா கூல் 2003இல் வெளியிட்ட சோதனையில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 தடவை, தடவைக்கு 25 நிமிடம் போல, சீன மாண்டரின் பேசுபவர் நேரில் உட்கார்ந்து கதை சொல்லி விளையாடினார். அந்தக் குழந்தைகளுக்கு மாண்டரின் ஒலி வேறுபாடுகள் பிடிபட்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒலி மட்டும் கேட்டவர்களுக்கும் இல்லை.

வீடியோ காலில் பேசும் தாத்தா பாட்டி வேறு வகை, அவர்களைத் தயங்காமல் காட்டுங்கள். 2014இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகள் வீடியோ காலில் பேசியவரிடமிருந்து புதுச் சொல் கற்றார்கள், பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. பிள்ளை சிரித்தால் பாட்டியும் சிரிக்கிறார், கேட்டால் பதில் வருகிறது, அதுதான் காரணம். இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் சொல்லியிருக்கிறது. தனியாக அடுப்படியையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும் ஒருவர் அரை மணி நேரம் போனைக் கொடுத்தால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் இன்னொரு ஆள் ஏன் இல்லை என்பதைத்தான் கேட்பேன்.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு ட, த வித்தியாசமே வரவில்லையே?

காது சீக்கிரமே ஊர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் ட, த ஒலிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 6 முதல் 8 மாதத்தில் வேறுபாடு தெரிந்தது, 10 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாமல் போனது. சுற்றிலும் யாரும் பயன்படுத்தாத வேறுபாட்டை மூளை தள்ளிவைத்துவிடுகிறது. பிற்காலத்தில் பழகினால் வரும், கொஞ்சம் உழைக்க வேண்டும். 'ழ' பற்றிக் கேட்காதீர்கள், அது ஊரில் இருக்கும் பெரியவர்களிலேயே பலருக்கு வருவதில்லை.

நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது. என்ன செய்ய?

இது எனக்கு அதிகமாக வரும் கேள்வி, டொராண்டோவிலிருந்தும் வரும், சென்னை அடுக்குமாடி வீடுகளிலிருந்தும் வரும்.

பெல்ஜியத்தில் டச்சு பேசும் பகுதியில் 1,900 போலக் குடும்பங்களை ஆனிக் டி ஹௌவர் கேட்டு 2007இல் எழுதினார். எல்லாம் வீட்டில் பெற்றோரில் ஒருவராவது வேறு மொழி பேசும் குடும்பங்கள். நான்கில் ஒரு பங்குப் பிள்ளைகள் அந்த வேறு மொழியைப் பேசுவதே இல்லை. பெற்றோர் இருவருமே வீட்டில் அந்த மொழியைப் பேசிய இடங்களில் பிள்ளைகள் பெரும்பாலும் பேசினார்கள். அப்பா ஒரு மொழி, அம்மா ஒரு மொழி என்று கண்டிப்பாகப் பிரித்துக்கொள்வது கட்டாயமும் இல்லை, அது மட்டுமே காப்பாற்றியதும் இல்லை. பிள்ளை இரண்டையும் கலந்து பேசினால் குழம்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம், பெரியவர்கள் நாம் பேசுவதைப் பதிவு செய்து கேட்டால் தெரியும் யார் கலக்கிறார்கள் என்று.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. நார்வேயில் எலிசபெத் லான்சா கவனித்த வீடு ஒன்றில், அம்மா அமெரிக்கர், பிள்ளை அவரிடம் நார்வே மொழியில் சொன்னால் அவர் புரியாதவர் போல "என்ன சொன்ன?" என்று கேட்பார். பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லும். திட்டும் இல்லை, பாடமும் இல்லை. நாமும் "என்ன கண்ணு, தண்ணியா வேணும்?" என்று தமிழில் திருப்பிக் கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம். பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னதும் நாமும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம், அங்கேதான் தமிழ் தேவையில்லாத மொழி என்று அதற்குப் புரிந்துவிடுகிறது.

அதைவிட முக்கியம், அந்த மொழி இல்லாமல் நடக்காத ஒரு வாழ்க்கை இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நல்லதுதான், ஆனால் வகுப்பில் உயிர்மெய் எழுதிவிட்டு வெளியே வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் விளையாடினால் எத்தனை நாள் தாங்கும்? ஆங்கிலம் தெரியாத அப்பத்தாவோடு ஒரு மாதம் ஊரில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் திரும்பும்போது எப்படிப் பேசுகின்றன என்று பாருங்கள். கோழியை விரட்ட, கடைக்குப் போக, அத்தை மகனோடு சண்டை போட எல்லாவற்றுக்கும் தமிழ் வேண்டியிருந்தது, வந்துவிட்டது.

வீட்டில் நன்றாகப் பேசிய பிள்ளை பள்ளிக்குப் போனதும் தமிழ்ப் பாடத்தில் திணறுகிறதே?

ஏனென்றால் அது வீட்டில் கற்ற தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. "வந்துட்டாங்க" என்று ஐந்து வருஷம் பேசிய பிள்ளை "வந்துவிட்டார்கள்" என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை மந்தம் என்று யாரும் முத்திரை குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், "நீ பேசுறது கொச்சை" என்று சொல்லவும் விடாதீர்கள், அது அதன் அம்மாவின் மொழி. பள்ளிக்கு முன்பே கதைப் புத்தகங்களைச் சத்தமாக வாசித்துக் காட்டினால் அந்த இரண்டாவது தமிழ் காதுக்குப் பழகியிருக்கும். அதிகம் படிக்காத வீடாக இருந்தால் வானொலிச் செய்தியும் கோயில் பாட்டும் போதும்.

இடது வலது இன்னும் குழம்புகிறது, ஆறு வயசாச்சு.

இருக்கட்டும். ஊரில் "கிழக்கால போ", "அந்த வடக்கு மூலையில இருக்கு பாரு" என்று கேட்டு வளரும் பிள்ளைக்கு இடது வலதைவிடத் திசை முன்னால் வரும். எரிக் பெடர்சன் என்பவர் 1990களில் தமிழ் பேசுபவர்களிடமே இதை ஆராய்ந்தார். நகரத்தார் பொருள்கள் இருக்கும் இடத்தை இடது வலதாகச் சொன்னார்கள், கிராமத்தார் திசையாகச் சொன்னார்கள். இரண்டும் தமிழ்தான்.

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று கேலி செய்வது பிள்ளையைப் பாதிக்குமா?

கேலியும் ஒரு மொழிப் பாடம், சொன்னது வேறு, சொல்ல வந்தது வேறு என்று பிள்ளை கண்டுபிடிக்கப் பழகுகிறது. கனடாவின் பாஃபின் தீவில் இனுயிட் மக்கள் இதைவிடக் கடுமையான கேள்விகளைச் சிரித்துக்கொண்டே கேட்பதை ஜீன் பிரிக்ஸ் என்பவர் பதிவு செய்திருக்கிறார், "உன் தம்பியைக் கொன்றுவிடேன்?" என்பது வரை. ஆனால் சொல்பவர் முகத்தில் அன்பு தெரிய வேண்டும், பிள்ளைக்குத் திருப்பிச் சொல்ல இடம் இருக்க வேண்டும். "அப்ப உன்னை உமிக்கு வாங்கினாங்களா?" என்று கேட்கிற பிள்ளை நன்றாக இருக்கிறது. உதடு பிதுங்கினால் அந்த நிமிடமே நிறுத்தி அள்ளிக்கொள்ளுங்கள். நிறத்தையும் உடம்பையும் வைத்துச் செய்யும் கேலி இந்தக் கணக்கில் சேராது, அதை யாரிடமிருந்து வந்தாலும் தடுங்கள்.

இரண்டு வயதாகியும் பேசவில்லை. "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்கிறார்கள். வசம்பு தடவலாமா?

இதில் மட்டும் ஊர்ப் பேச்சைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். ஒரு வயதில் மழலை ஒலியோ கை நீட்டிக் காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 2 வயதில் "அம்மா வா", "பால் தா" போல இரண்டு சொல் சேரவில்லை, அல்லது பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டது என்றால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு மொழி பேசும் வீடு என்பதும், கூட்டுக் குடும்பம், தனிக் குடும்பம் என்பதும் இதற்குச் சமாதானம் ஆகாது. மேலே சொன்ன எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒரே வயதில்தான் பேசத் தொடங்குகின்றன.

வசம்பு தடவினால் நாக்கு புரளும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது, விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். அதைத் தேனில் குழைத்துத் தடவுவது இன்னும் மோசம், ஒரு வயதுக்குள் தேனே கொடுக்கக் கூடாது. முதலில் காதைப் பரிசோதியுங்கள். கதவு சத்தத்துக்குத் திரும்புகிறதே என்று விட்டுவிடாதீர்கள், சில ஒலிகள் மட்டும் கேட்டுச் சில கேட்காமல் இருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கைக்குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள், வலிக்காது, தூங்கும்போதே செய்துவிடலாம். காது கேட்கவில்லை என்று தெரிந்தால் கருவி ஒரு பக்கம் இருக்கட்டும், அன்றிலிருந்தே சைகையிலும் அந்தப் பிள்ளையோடு பேசத் தொடங்குங்கள், வீட்டில் உள்ள எல்லோரும்.